ஆற்றுவாய் வெட்டிய மறுநாள்

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குகிற கடிதம் இல்லை இது. நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உன் குரலில் இருந்த உற்சாகமே அதைச் சொன்னது. "அம்மா, நினைவுக்கல்லுல எழுத்து வெட்டத் தொடங்கிட்டாங்க, வாசிக்கிறன் கேளுங்க" என்றாய். 'காட்டிக்கொடுத்தவனின் துரோகத்தால் இக்கரையில் வீழ்ந்த எம் முதல் வீரர்களுக்கு.' வாசித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். இன்னொரு தரம் வாசி என்றேன். நீயே விளங்கிக்கொண்டு, "மாமாட பேர் போடேல்லத்தானேம்மா, மறுகா என்ன?" என்றாய். நான் வாய் திறந்ததும், "பழசக் கிளறாதங்க, எங்கட கமிட்டி முடிவெடுத்திட்டுது" என்று வைத்துவிட்டாய். காலமெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரிவரி படிப்பித்தவள் நான். என் பேச்சை இடையில் வெட்டியவர்களை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். உன்னை ஏற்றினால் வாங்கு முறிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். கடைசிவரை வாசி.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. காட்டிக்கொடுத்தவன், துரோகம் என்ற சொற்கள் அந்தக் கல்லில் இருக்கக் கூடாது. வெட்டியாயிற்று என்றால் கொத்தி எடு. கல் அவலட்சணமாகப் போனால் போகட்டும். செத்த பொடியன்களின் பெயர்கள் இருக்கட்டும், அவர்கள் செத்தது உண்மை. ஆரால் செத்தார்கள் என்பதுதான் பொய். குணம் மாமா, என் கூடப்பிறந்த ஒரே அண்ணன், ஆமிக்கு உதவிசெய்யத்தான் ஆற்றுவாயை வெட்டினார் என்று உனக்குச் சொல்லித் தந்தவர் உன் அப்பா. அவர் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படியில் இருந்தேன், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும் இதில் வரும்.

நீ நகரத்தில் விடுதியில் நின்று படித்தவன். வாவி என்றால் உனக்குப் புளியந்தீவுப் பாலத்தில் நின்று பார்க்கிற வாவி. வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கம் அது வேறு சாமான். மாரியில் வாவி கடலோடு சேருகிற வாயை மணல்மேடு அடைத்து நிற்கும். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் பெருகி வட்டைக்குள், வயல்களுக்குள் ஏறி, கதிர் தள்ளக் காத்திருக்கும் நெல்லைக் கழுத்தைப் பிடித்து அமுக்கும். அப்போது ஆட்கள் மண்வெட்டியோடு போய் அந்த மேட்டை வெட்டிவிடுவார்கள். அதுதான் ஆற்றுவாய் வெட்டுவது. வெட்டினால் நகரப் பக்கத்து ஆழத் தண்ணீர் மெல்ல மெல்ல, நாட்கணக்கில் இறங்கும். எங்கள் பக்கமோ கரையோரம் முழங்கால் தண்ணீர்தான், அதற்குக் கீழே அடி காணாத சேறு. படுத்து விடிய எழும்பினால், தண்ணீர் நின்ற இடத்தில் கொக்கு நடந்து திரியும். இது எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த மாரியில் குணம் மாமாதான் வட்டவிதானை. வட்டை முழுவதற்கும் தண்ணீருக்குப் பொறுப்பான ஆள் என்று ஊர் கைதூக்கித் தெரிந்தெடுத்தது அவரை. அரசாங்கக் கச்சேரிக்கு அனுமதி கேட்டு அலைந்து பார்த்தார். குழப்பமான காலம், மேசை கதிரைகள் இருந்தன, கதிரைகளில் இருக்க ஆட்கள் இல்லை. திரும்பி வந்தவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, "கடுதாசி வருமட்டும் நெல்லு மூச்சடக்கிக்கொண்டு கிடக்குமாடா? நாளைக்கு வெட்டுறம்" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். எனக்கு வாய்த்திருக்கிற இந்தக் கோபம் அவரிடமிருந்து வந்ததுதான்.

இயக்கத்துப் பொடியன்கள் தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணாப் பற்றைகளுக்குள் தோணிகளை ஒளித்துக் கட்டிவைத்திருந்தது ஊருக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்தில் பொலிஸ் காவலரண் போட்டிருந்தது. அதை அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் என்னைப் பின்வளவுக்குக் கூப்பிட்டார். "தங்கச்சி, வயலுக்குச் சோறு கொண்டு போறாப்போல போய் அந்தப் பொடியன்மாருக்குச் சொல்லிப்போட்டு வா. நாளைக்கு ஆத்துவாய் வெட்டுறம். தோணி சேத்துல இருந்திரும். ஆழத்துக்குக் கொண்டுபோய்க் கட்டட்டாம் எண்டு சொல்லு" என்றார். காட்டிக்கொடுக்கப் போகிறவன் தன் சொந்தத் தங்கச்சியை இப்படி அனுப்புவானா? நீ படித்தவன், யோசித்துப் பார்.

போனேன். தோணிகளுக்குப் பொறுப்பாக ஒரு பொடியன் தோணி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். அழகன், அதில் பொய் சொல்ல மாட்டேன்.

"ஆருட மகள் புள்ள நீ?"

"வட்டவிதானைட தங்கச்சி. அண்ணன் சொல்லிவிட்டவர், நாளைக்கு ஆத்துவாய் வெட்டுறாங்களாம். தோணிய ஆழத்துல கட்டட்டாம்."

அவன் சிரித்தான். "நானும் வாவிக்கரையில பிறந்தவன்தான். ஆத்துவாய் வெட்டினா தண்ணி இறங்க ஒரு கிழமை செல்லும். உங்கட அண்ணர நெல்லப் பாக்கச் சொல்லு, தோணிய நான் பாத்துக்குவன்."

"அது உங்கட பக்கம். இஞ்ச விடியக்குள்ள வத்திரும்."

"சரி, சொல்லிப்போட்டாய்தானே. மறுகாவும் வருவியா?"

அவன் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழக்கே நகரப் பக்கத்து எழுவான்கரைக்காரன், ஆழத் தண்ணீரில் நீந்தி வளர்ந்தவன், எங்கள் பக்கத்துச் சேற்றை மிதித்தே அறியாதவன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, வந்துவிட்டேன். அந்தப் பொடியன்தான் உன் அப்பா.

மறுநாள் ஊர் ஆம்பிளைகள் போய் வெட்டினார்கள். அதற்கு மறுநாள் விடிகிற நேரம் சங்கக்கடையில் வெடிச் சத்தம் கேட்டது. 'வீரச்சமர்' என்று நீ முகநூலில் எழுதியிருந்தாய். ஊற்றின தேத்தண்ணி ஆறுவதற்குள் அது முடிந்துவிட்டது மகனே. பொலிசாரில் பாதிப்பேர் பாயில் கிடந்தபடியே செத்தார்கள். ஒருவன், எங்கள் வீட்டில் தயிர் வாங்குகிற சிங்களவன், தமிழில் 'அக்கே, தயிர்' என்று மட்டும் சொல்லத் தெரிந்தவன், வயிற்றைப் பொத்திக்கொண்டு வாசலில் இருந்து தன் பாஷையில் தண்ணீர் கேட்டான். வேலிகளுக்குப் பின்னால் ஊர் முழுக்க நின்றது. ஒருவரும் கொடுக்கவில்லை. அவன் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய்ச் செத்தான். உன் கல்லில் இது வராது, வர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

பொடியன்கள் பறித்த துவக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே கரைக்கு ஓடினார்கள். தோணிகள் சேற்றில் சரிந்து கிடந்தன. தண்ணீர் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. தள்ளினார்கள், அசையவில்லை. இறங்கி நடந்தார்கள், தொடைவரை புதைந்தது. அதற்குள் ஆமி லொறிகள் வந்துவிட்டன. வந்தவர்கள் கரையோர அணைக்கட்டில் ஏறி நின்றார்கள். அவர்களுக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை. ஒருவன் சிகரட் பற்றவைத்துவிட்டுத்தான் துவக்கைத் தூக்கினான். சேற்றில் ஒரு பொடியன் "அம்மா, அம்மா" என்று குழறினான். அணைக்கட்டில் நின்றவன் அதே குரலில் "அம்மே, அம்மே" என்று திருப்பிச் சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். அவனைக் கடைசிவரை வைத்திருந்து சுட்டார்கள். பிறகு ஊர் ஆம்பிளைகளை இறக்கி உடல்களை இழுப்பித்து, படம் எடுக்க முகம் தெரிய வேண்டும் என்று பெண்களைக் கூப்பிட்டு முகங்களைக் கழுவச் சொன்னார்கள். நான் வாளியோடு போனேன். எனக்கு வந்தது மீசை அரும்பாத முகம். மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் அடைந்திருந்த சேற்றை விரலால் தோண்டித் தோண்டி எடுத்தேன். அன்றைக்குப் பிறகு பல நாள் அந்தக் கையால் எனக்குச் சோறு பிசைய முடியவில்லை.

உன் அப்பா காலில் வெடி பட்டு, கண்ணா வேர்களுக்குள் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்து தப்பினார்.

நெல் வேளாமை தப்பியது. அறுவடைக்கு முன்னமே இயக்கத்தார் விசாரிக்க வந்தார்கள். இத்தனை பேர் செத்ததற்கு மேலிடத்துக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு ஆள் வேண்டும். சங்கக்கடை முற்றத்தில் ஊரைக் கூட்டினார்கள். "நான் சொல்லியனுப்பினன், என்ட தங்கச்சிதான் போனவள்" என்றார் அண்ணன். நான் முன்னால் போய், இயக்கத்தாரோடு வந்து நின்ற உன் அப்பாவுக்கு நேரே கையை நீட்டினேன். "இவருக்கிட்டத்தான் சொன்னன். சிரிச்சவர்." விசாரிக்க வந்த பொறுப்பாளர் அவரிடம் திரும்பி, "இந்தப் பிள்ளை வந்து சொன்னதா?" என்று கேட்டார். உன் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னை நன்றாகப் பார்த்தார். "இல்ல. இந்தப் பிள்ளைய நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றார்.

பாய்ந்து சட்டையைப் பிடித்தேன், பொக்கற் கிழிந்து என் கையோடு வந்தது. இரண்டு பேர் என்னை இழுத்துப் போட்டார்கள். அண்ணனோடு நின்று மண் வெட்டியவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவர் நிலத்தைப் பார்த்தார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். மூத்தவர் ஒருவர் மட்டும் வாய் திறந்து, "வட்டவிதானை கூப்பிட்டார், நாங்க போனம்" என்றார். அவர் வயலும் சேர்த்துத்தான் தப்பியது. பட்டப்பகலில், சங்கக்கடைக்கு முன்னால் நின்ற பூவரசில் அண்ணனைக் கட்டினார்கள். அவர் அழவில்லை, கெஞ்சவில்லை, ஏசினார். "தோணி கட்டத் தெரியாதவனுக்கு நானாடா சாகணும்?" என்று கேட்டார். அதற்குப் பதிலாகத் துவக்கால் வெடிதான் வைத்தார்கள்.

கழுத்தில் 'துரோகி' என்று எழுதின மட்டையோடு பொழுது சாயும்வரை தொங்கினார். அழக் கூடாது என்றார்கள், அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நானும் அவளும் மாட்டுக்கரத்தையில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பறை அடிக்க ஆள் வரவில்லை. வெள்ளை விரிக்கச் சலவைக் கட்டாடி வரவில்லை. வளவின் பின்னால் குழி வெட்டியது நான். அம்மன் சடங்கில் நம் தாய்வழிக் குடியின் பங்கை வாங்கப் போகிறவர் அண்ணன்தான். அந்த வருடம் அவர் நின்ற இடத்தில் வேறொருவர் போய் நின்று வாங்கினார், எங்கள் வீட்டுக்கு ஒரு பிடி அவல்கூட வரவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் ஊர் வாயைத் திறக்கவே இல்லை, வீட்டு வாசலைக் கடக்கும்போது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டது. எந்தக் கழுதை எனக்கு மாப்பிள்ளையாக வரும்?

உன் அப்பா வந்தார். இயக்கத்தை விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டத்தோடு அவரே கேட்டு வந்தார். ஊர் மூக்கில் விரலை வைத்தது. துரோகியின் தங்கச்சியை எடுக்கிறானே, எவ்வளவு பெரிய மனம் என்றது. அம்மா நிலத்தில் இருந்துகொண்டு, "அவனாகா? உன்ட அண்ணனத் திண்டவனாகா? வேணாங்கா, நாம கிணத்துல விழுந்து சாவம்" என்றாள். நான் ஓம் என்றேன். அவர் என்ன நினைத்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. பாவம் கழுவ வந்திருக்கலாம். நான் என்ன நினைத்து ஓம் என்றேன் என்பது நன்றாகத் தெரியும். நம் பக்கத்து வழக்கத்தில் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்கு வருவான். நீயும் கலியாணம் முடித்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் மனைவி வீட்டுக்குப் போனவன்தானே. வீடு பெண்ணுடையது, வளவு பெண்ணுடையது, அதில் அவன் சாகும்வரை வந்த ஆள். குணம் மாமா எனக்காகக் கல்லரிந்து கட்டின வீடு இது. இதற்குள் இந்த மனிதன் வந்து படுக்கட்டும், எழும்பட்டும், என் கையால் தின்னட்டும் என்று நினைத்தேன். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறாய், அப்பா ஏன் எப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார் என்று. அவர் பார்த்தது சுவரை இல்லை, சுவரில் மாட்டியிருந்த உன் மாமாவை. கலியாணத்துக்கு முதல் நாள் நானே ஆணி அடித்து மாட்டி, அதற்கு நேரே பாயைப் போட்டேன். முதல் நாள் அவர் ஒரு வாய் வைத்துவிட்டு எழும்பப் பார்த்தார். "இருங்க, குழம்பு இருக்கு" என்றேன். இருந்து சாப்பிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை பாயைத் திருப்பிப் போடு என்று அவர் கேட்கவில்லை, நானும் போடவில்லை. நான் கெட்ட பெண்சாதி இல்லை. காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், மழைக் காலத்தில் அந்தக் காலுக்கு எண்ணெய் பூசினேன். நீ நடை பழகும்போது கோழியைத் துரத்திக்கொண்டு போய்ச் சாணக்குழிக்குள் விழுந்தாய். நாங்கள் இரண்டுபேரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடிய எனக்கு என்மேலேயே அருவருப்பாக வந்தது. அன்றைக்குக் கறியில் உப்புப் போடவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் தின்றார்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ அவர் தோளில் ஏறித் திரிந்தாய். மண்டூர்த் திருவிழாவில் அந்த நொண்டிக் காலோடு அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு தேர் பார்த்தார். மாமன் இல்லாத பிள்ளைக்கு அப்பனாவது இருக்கட்டும் என்று அவரை உனக்கு விட்டுவைத்தேன். உன்னிடம் அவர் தன் கதையைச் சொன்னபோதும் பல்லைக் கடித்தேன். வீட்டுக்குள் சொன்னதை வீட்டுக்குள் பொறுக்கலாம். நீ அதைக் கல்லில் வெட்டி ஊருக்கு நடுவில் நாட்டப் போகிறாய். உன் மகள் நாளைக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அதைப் பொறுக்க எனக்கு ஏலாது மகனே. உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டால் கேள். உன் வீட்டில் ஆரையாவது மன்னிக்க முடியாவிட்டால் வாசலைக் காட்டிவிடு. என்னைப் போல் பக்கத்தில் வைத்துச் சோறு போடாதே. போடுகிற கையும் சேர்ந்துதான் புழுக்கும்.

நீ தொலைபேசியை வைத்த அன்று, இத்தனை வருடமும் கேட்காததை அவரிடம் கேட்டேன். "அண்டைக்கு ஏன் என்னக் காணல்ல எண்டு சொன்னீங்க?" அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஆரையோ ஒருத்தரக் கட்டத்தானே வந்தவங்க. நான் ஓம் எண்டிருந்தா என்னக் கட்டியிருப்பாங்க. பயந்துட்டன்" என்றார். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "அவ்வளவுதான்" என்றார். நான் இத்தனை காலமும் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பெரிய காரணம், ஒரு வஞ்சம், ஒரு கட்டளை இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பகை வளர்த்திருக்கிறேன். ஒன்றுமில்லை, பயம்தான். எனக்கு அழுகை வந்தது. அண்ணன் செத்த அன்று அழக் கூடாது என்றார்களே, அதையும் சேர்த்து அழுதேன். அவர் பக்கத்தில் வரவில்லை, வராதது நல்லது. பிறகு, "மகனுக்கு மட்டும் சொல்லாதகா. இந்த உலகத்துல அவன் ஒருத்தன்தான் என்ன மதிக்கிறவன்" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். காலையில் பஸ் ஏற்றிவிடுவேன், வவுணதீவு வழியாக வந்து மத்தியானத்துக்குள் உன் வீட்டு வாசலில் நிற்பார். என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். "உறைய ஒட்டேல்ல, வாசிச்சுப் பாருங்க" என்றேன். வழியில் அவர் வாசிக்கலாம், கிழித்து வாவியில் போடலாம், தொலைந்துவிட்டது என்று உனக்குச் சொல்லலாம். இதன் இன்னொரு பிரதியைத் தபாலிலும் போடுகிறேன், அது எப்படியும் உனக்கு வரும். தபாலில் வந்ததை நீ முதலில் வாசித்தால், அவரை உன் கல்திறப்பு மேடையில் ஏற்றாதே, என் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அவர் தன் கையால் தந்து, வாசித்து முடியுமட்டும் உனக்கு முன்னால் இருந்தால், அவருக்குச் சோறு போடு. நீயும் பக்கத்தில் இருந்து சாப்பிடு. கல்லில் இருக்கிற பொய்யை எப்படியும் கொத்தி எடு.

அம்மா